முன்வாசலில் போர்க்கப்பல், பின்வாசலில் பெற்றோல் – ரொடீசியா மீதான தடையின் கதை

பொருளாதாரத் தடை எண்டால் என்ன எண்டு எங்கட ஆக்களுக்கு ஒருவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி, பெற்றோல், சீமெந்து என்று நீண்டுபோன அந்தப் பட்டியல் பலருக்கு இன்றும் மனப்பாடம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும், ஜாம் போத்தல் விளக்கில் நாங்கள் பாடம் படித்ததும் எங்கள் வயதுக்காரருக்கு நேற்று நடந்தது போல. ஆனால் அது ஓர் அரசு தன் ஆட்சிக்குள் இருந்த ஒரு பகுதி மக்கள் மேல் போட்ட தடை. நான் இங்கே எழுத வந்தது வேறு வகையான தடையைப் பற்றி. ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் எடுத்து, உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் அரசாங்கத்தின் மேல் போடும் தடை. ஈராக், லிபியா, யூகோஸ்லாவியா, வட கொரியா என்று செய்திகளில் அவ்வப்போது கேட்டிருப்பீர்கள்.

தீர்மானம் நியூயோர்க்கில் எடுக்கிறார்கள். கை உயர்த்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள். சரி, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? ஐ.நா.விடம் சுங்க அதிகாரி இல்லை, பொலிஸ் இல்லை, கப்பல் இல்லை, மறியற்சாலையும் இல்லை. ஒவ்வொரு நாட்டு அரசாங்கமும் அந்தத் தீர்மானத்தைத் தன் சட்டத்தில் எழுதி, தன் சுங்கத்தாலும், வங்கியாலும், நீதிமன்றத்தாலும் செய்து காட்டவேண்டும். செய்யுமா, எவ்வளவு தூரம் செய்யும் என்பதுதான் கதை.

ஐ.நா. வரலாற்றில் கட்டாயத் தடை முதன்முதலாகப் போடப்பட்டது ரொடீசியா மேல். ஆண்டு 1966. ரொடீசியா என்றால் இன்றைய சிம்பாப்வே. அந்தத் தடையைக் கேட்டு வாங்கியதும், நடத்தவேண்டிய பெரும் பொறுப்பைச் சுமந்ததும் நாங்கள் இன்று குடியிருக்கும் இந்தப் பிரித்தானியாதான். எனவே இந்தக் கதையை நாங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் தென் ரொடீசியாவில் ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் வெள்ளையர் இருந்தார்கள். கறுப்பின மக்கள் 40 இலட்சத்துக்கும் மேல். நல்ல நிலமும், வாக்குரிமையும், அரசாங்கமும் வெள்ளையர் கையில். பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் அடைந்துகொண்டிருக்க, பெரும்பான்மையினரின் ஆட்சிக்கு வழிவிடாமல் சுதந்திரம் தரமாட்டோம் என்று பிரித்தானியா சொன்னது. உடனே அங்கே பிரதமராக இருந்த இயன் ஸ்மித், 1965 நவம்பர் 11ஆம் திகதி, “நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்று தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தார். சட்டப்படி இது பிரித்தானிய முடிக்கு எதிரான கலகம்.

கலகம் செய்தவர் வேறு நிறத்தவராக இருந்திருந்தால் மறுநாளே இராணுவம் இறங்கியிருக்கும் என்று அன்றைக்கே ஆபிரிக்கத் தலைவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிரதமர் ஹரோல்ட் வில்சன், பிரகடனம் வருவதற்கு முன்னரே, படை அனுப்பமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பாராளுமன்றத்தில் அவருக்கு இருந்த பெரும்பான்மை விரல்விட்டு எண்ணக்கூடியது. ரொடீசிய வெள்ளையரைத் தங்கட இரத்த உறவாக நினைத்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். படை இல்லை, சும்மா இருக்கவும் முடியாது. இடையில் மிஞ்சியது பொருளாதாரத் தடை ஒன்றுதான்.

ஆரம்பத்தில் இயந்திரம் நல்ல வேகமாகத்தான் சுழன்றது. ஐந்து நாளில் பாராளுமன்றம் தென் ரொடீசியாச் சட்டத்தை நிறைவேற்றி, ஆணை மேல் ஆணையாகப் போடும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் கொடுத்தது. ரொடீசியா ஸ்ரேர்லிங் நாணய வலயத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அவர்களின் பெரிய வருமானமான புகையிலையை வாங்குவது நிறுத்தப்பட்டது. சீனியும் அப்படியே. டிசம்பர் 17ஆம் திகதி எண்ணெய்த் தடை வந்தது. வர்த்தக அமைச்சு அனுமதிப் பத்திரங்களைப் பார்த்தது, சுங்கத் திணைக்களம் துறைமுகத்தில் பெட்டிகளைப் பார்த்தது, இங்கிலாந்து வங்கி பணம் எங்கே போகிறது என்று பார்த்தது.

வங்கி விடயத்தில் ஒரு வேடிக்கையான வேலையும் நடந்தது. ரொடீசியாவின் மத்திய வங்கியின் இயக்குநர்களை லண்டன் பதவிநீக்கிவிட்டு, லண்டனிலேயே ஒரு புதிய இயக்குநர் சபையை நியமித்தது. வங்கிக் கட்டடம் சாலிஸ்பரியில் (இன்றைய ஹராரே), இயக்குநர்கள் லண்டனில்! ஆனால் லண்டனில் இருந்த ரொடீசியாவின் கையிருப்புப் பணம் இந்தப் புதிய சபையின் கைக்கு வந்துவிட்டது. ஸ்மித்தின் ஆட்கள் ஜேர்மனியில் அச்சடிக்கக் கொடுத்த புது நோட்டுகளையும் இந்தச் சபை ஜேர்மனிய நீதிமன்றம் போய் மறித்தது. காகிதத்தில் சட்டம் எழுதி, அது பிடிபடக்கூடிய இடத்தில் பிடித்தால் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம். பதிலுக்கு ஸ்மித், லண்டனுக்குக் கட்டவேண்டிய கடனைக் கட்டமாட்டேன் என்று விட்டார்.

1966 ஜனவரியில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். தடை எப்போது பலன் தரும் என்று வில்சனைக் கேட்டபோது, மாதக் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் முடிந்துவிடும் என்ற மாதிரி நம்பிக்கை கொடுத்தார். அந்த வாரங்கள் பதினான்கு வருடமாக நீண்டன.

இனி எண்ணெய்க்கு வருவோம். முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

ரொடீசியாவுக்குக் கடற்கரை இல்லை. எண்ணெய் முழுவதும் வெளியிலிருந்து வரவேண்டும். அன்று போர்த்துக்கலின் காலனியாக இருந்த மொசாம்பிக்கின் பெய்ராத் துறைமுகத்திலிருந்து எல்லை நகரமான உம்தாலிக்கு அருகில் இருந்த சுத்திகரிப்பு ஆலைவரை ஒரு குழாய் போடப்பட்டிருந்தது. குழாய் லொன்றோ என்ற கொம்பனிக்குச் சொந்தம். குழாயை அடைத்தால் நாடு நின்றுவிடும் என்பது லண்டனின் கணக்கு. போர்த்துக்கல் அடைக்கவில்லை. எனவே 1966 மார்ச் தொடக்கம் பிரித்தானியக் கடற்படை பெய்ராவுக்கு வெளியே காவல் போட்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஜொஆனா V என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வந்தது. பிரித்தானியப் போர்க்கப்பல் அதை வழிமறித்துக் கேட்டது. கப்பல்காரர் தாங்கள் பெய்ராவுக்குத்தான் போகிறோம் என்று போய்விட்டார்கள். பலாத்காரமாக மறிக்கச் சட்டத்தில் இடமில்லை. நடுக்கடலில் போர்க்கப்பல் பார்த்துக்கொண்டு நிற்க, எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்குள் போனது உலகம் முழுக்கச் செய்தி. அவமானம் தாங்காமல் பிரித்தானியா பாதுகாப்புச் சபைக்கு ஓடியது. ஏப்ரல் 9ஆம் திகதி 221ஆம் இலக்கத் தீர்மானம் வந்தது. பெய்ராவுக்கு ரொடீசிய எண்ணெய் கொண்டுபோகும் கப்பலைத் தேவையானால் பலாத்காரமாக மறிக்கலாம் என்று அது பிரித்தானியாவுக்கு அதிகாரம் கொடுத்தது. மறுநாளே மனுவேலா என்ற கப்பலை மறித்துத் திருப்பினார்கள். ஜொஆனா V கடைசிவரை எண்ணெய் இறக்கவில்லை. குழாய் வறண்டது.

வெற்றிதானே என்று நினைப்பீர்கள். தீர்மானத்தின் வாசகத்தை ஒருக்கால் திருப்பி வாசித்துப் பாருங்கோ. “பெய்ரா” என்றுதான் இருக்கிறது. அதே மொசாம்பிக்கின் தெற்கே லொரன்சோ மார்க்கேஸ் (இன்றைய மபுட்டோ) என்ற இன்னொரு பெரிய துறைமுகம். அங்கே சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அங்கிருந்து ரொடீசியாவுக்குள் நேரே போகும் ரெயில் பாதையும் இருந்தது. அந்தத் துறைமுகத்தைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு சொல் இல்லை. தென்னாபிரிக்காவைப் பற்றியும் இல்லை. லொரன்சோ மார்க்கேஸை மறித்தால் தென்னாபிரிக்காவுக்குப் போகும் சாமான்களையும் மறிக்க வேண்டிவரும். தென்னாபிரிக்காவோடு மோதினால் பிரித்தானியாவின் பெரிய வியாபாரம் ஒன்று அடிபடும். பவுண் நாணயமே ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம் அது.

அதனால் பெய்ராவுக்கு வெளியே காவல் தொடர்ந்தது. எண்ணெய் லொரன்சோ மார்க்கேஸ் வழியாகப் போனது. முதலில் தென்னாபிரிக்காவிலிருந்து லொறிகளிலும் பீப்பாக்களிலும் போனது. பிறகு ரெயில் ரெயிலாகப் போனது. கடற்படையோ 1966இலிருந்து 1975 ஜூனில் மொசாம்பிக் சுதந்திரம் அடையும்வரை, ஒன்பது வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றது. எல்லாமாக 76 கப்பல்கள் மாறி மாறிப் போயின. ஏறத்தாழ 10 கோடி பவுண் செலவு. விமானந்தாங்கிக் கப்பல்கள்கூடப் போய் நின்றன. மடகஸ்காரிலிருந்து வேவு விமானங்கள் பறந்தன, மாலுமிகளுக்குக் கடிதங்களையும் வானத்திலிருந்து போட்டன. வெய்யிலில் வருடக்கணக்காக நின்று அலுத்த மாலுமிகள், ஒரு கப்பல் போய் மற்றக் கப்பல் பொறுப்பேற்கும்போது விளையாட்டுப் போட்டி வைத்து, வென்றவர்களுக்கு “பெய்ரா வாளி” என்று ஒரு வாளியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த மாலுமிகளில் குற்றம் இல்லை. எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கே அவர்கள் ஒழுங்காக நின்றார்கள்.

லொரன்சோ மார்க்கேஸால் போன எண்ணெய் யாருடையது? இந்தக் கேள்விதான் லண்டனுக்கு வயிற்றைக் கலக்கியது. ரொடீசியாவில் எண்ணெய் விற்றவர்கள் ஷெல், பி.பி., மொபில், கல்டெக்ஸ், டோட்டல். இதில் பி.பி.யின் ஏறத்தாழப் பாதிப் பங்கு பிரித்தானிய அரசாங்கத்துடையது. ஷெல்லும் பி.பி.யும் சேர்ந்து வைத்திருந்த ஷெல் மொசாம்பிக் என்ற கொம்பனி, பெயர் மொசாம்பிக் என்றாலும், பதிவு செய்யப்பட்டது பிரித்தானியாவில். அதாவது தடை ஆணை நேரடியாகக் கட்டுப்படுத்தும் கொம்பனி.

எண்ணெய் போன விதம் இதுதான். ஷெல் மொசாம்பிக், தென்னாபிரிக்காவிலுள்ள ஓர் இடைத்தரகர் கொம்பனிக்கு எண்ணெய் விற்கும். பத்திரத்தில் வாங்குபவர் தென்னாபிரிக்கர். அந்தத் தரகர் அதை ரொடீசியாவுக்கு அனுப்புவார். லண்டனில் யாரும் கேட்டால், “நாங்கள் தென்னாபிரிக்க வாடிக்கையாளருக்கு விற்றோம்” என்று பதில். மொபில் கொம்பனியின் தென்னாபிரிக்கக் கிளை இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பெயர்மாத்திரக் கொம்பனிகளை வைத்து வேலை பார்த்தது 1976இல் அமெரிக்காவில் ஒரு தேவாலய அமைப்பு வெளியிட்ட ஆவணங்களில் வந்தது. உள்ளுக்குள் அதற்குப் பெயரே “கடதாசித் துரத்தல்”. கடதாசியைத் துரத்திக்கொண்டு போகிறவன் களைத்துப்போகும்வரைக்கும் கடதாசி!

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், சாமான் ஏற்றும் பகுதியில், வெளிநாட்டுக்குப் போகும் சில பெட்டிகளோடு ஒரு பத்திரம் போகும். “கடைசியாகப் பாவிக்கப்போவது யார், எந்த நாட்டில்” என்று அதில் கேட்டிருக்கும். முதலில் பார்த்தபோது, வாங்குகிறவன் காசைக் கட்டினால் சரிதானே, அவன் யாருக்குக் கொடுத்தால் எங்களுக்கென்ன என்று நினைத்தேன். ரொடீசியாக் கதையை வாசித்த பிறகுதான் அந்த ஒரு வரிக் கேள்வியின் பெறுமதி விளங்கியது. அந்த நாளில் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியவர்கள் கேட்காமல் விட்டார்கள். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

ஆனால் பதில் கேளாமலே வந்தது. எங்களை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள், உங்கட கொம்பனிகளும்தானே கொடுக்கின்றன என்று போர்த்துக்கல் சொல்லத் தொடங்கியது. 1968 பெப்ரவரியில் பொதுநலவாய அமைச்சராக இருந்த ஜோர்ஜ் தொம்சன், ஷெல், பி.பி. பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அங்கே உண்மை வெளிவந்தது. பிரித்தானியக் கொம்பனி ஒன்றின் எண்ணெய் ரொடீசியாவுக்குப் போயிருக்கிறது. இப்போது ஒழுங்கு செய்துவிட்டோம் என்று கொம்பனிக்காரர் சொன்னார்கள்.

என்ன ஒழுங்கு? பிரெஞ்சுக் கொம்பனியான டோட்டல் ரொடீசியாக்காரருக்கான எண்ணெயைக் கொடுக்கும். அதே அளவு எண்ணெயை ஷெல்–பி.பி. பக்கம் டோட்டலுக்குக் கொடுக்கும். ரொடீசியாவுக்குப் போகும் எண்ணெய் ஒரு கலன்கூடக் குறையாது. ஆனால் அந்தக் கலன் இனிமேல் “பிரித்தானிய எண்ணெய்” அல்ல, பிரெஞ்சு எண்ணெய். பிரித்தானியக் கொம்பனி எதுவும் ரொடீசியாவுக்கு எண்ணெய் கொடுக்கவில்லை என்று இனி அரசாங்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். எங்கட ஊரில் தோட்டக்காரன் ஒருத்தன் தன் மாட்டை அயலவன் பயிருக்குள் விட்டுவிட்டு, கயிறு என்னுடையது அல்ல என்று சொன்ன மாதிரி. இந்த மாற்று ஏற்பாடுகூட 1971 அளவில் கைவிடப்பட்டு, ஷெல்–பி.பி. மறுபடியும் நேரடியாகவே கொடுக்கத் தொடங்கியது.

இந்தக் காலம் முழுவதும் கடற்படை பெய்ராவுக்கு வெளியே நின்றது என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு அரசாங்கத்தின் ஒரு கை கோடிக்கணக்கில் செலவழித்துக் கப்பலை மறிக்கிறது. அதே அரசாங்கம் பங்கு வைத்திருக்கும் கொம்பனி பக்கத்துத் துறைமுகத்தால் எண்ணெய் விற்கிறது. இரண்டும் தெரிந்தவர்கள் லண்டனில் இருந்தார்கள்.

தடையின் உண்மையான பாரத்தைத் தூக்கியவர்கள் வேறு ஆக்கள். வடக்கே சாம்பியா. 1964 ஒக்டோபரில்தான் சுதந்திரம் அடைந்த நாடு. அதன் உயிர்நாடி செம்பு. செம்பை வெளியே கொண்டுபோகும் ரெயில் ரொடீசியா வழியாகத்தான் போகும். எண்ணெய் வருவதும் அதே உம்தாலி ஆலையிலிருந்துதான். இரண்டு நாட்டுக்கும் மின்சாரம் தந்த கரிபா அணையின் மின்நிலையம்கூட ஆற்றின் ரொடீசியக் கரையில் இருந்தது. எண்ணெய்த் தடை வந்ததும் ஸ்மித் செய்த முதல் வேலை சாம்பியாவுக்குப் போகும் எண்ணெயை வெட்டியது. அங்கே பெற்றோல் பங்கீடு வந்தது. பிரித்தானிய விமானப்படை டிசம்பரிலிருந்து மறு வருடம் ஒக்டோபர்வரை தார் எஸ் சலாமிலிருந்து பீப்பாக்களில் எண்ணெயை விமானத்தில் ஏற்றிப் பறந்தது. பெற்றோலை விமானத்தில் கொண்டுபோய் லொறி ஓட்டுவது எவ்வளவு செலவான வேலை என்று யோசியுங்கோ. மழையில் சேறாகி, வெய்யிலில் தூளாகும் ஆயிரம் மைல் வீதியால் லொறிகள் தன்சானியாவுக்கு ஓடின. சாரதிகள் கவிழ்ந்து செத்த அந்த வீதிக்கு “நரக ஓட்டம்” என்று பெயர் வந்தது. 1968இல் தார் எஸ் சலாமிலிருந்து எண்ணெய்க் குழாய் வந்தது. 1,860 கிலோமீற்றர் ரெயில் பாதையைச் சீனா போட்டுக்கொடுத்து 1975இல் வண்டி ஓடத் தொடங்கியது. ஜனாதிபதி கவுண்டா தடைக்கு உண்மையாக நின்றவர். அதற்கு அவர் நாடு கொடுத்த விலை, தடையைக் கொண்டுவந்த நாடு கொடுத்ததை விடப் பலமடங்கு.

ரொடீசியாவுக்குள்ளும் அப்படித்தான். புகையிலை உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெள்ளைத் தோட்ட முதலாளிக்கு அரசாங்கம் புகையிலையை வாங்கிக் களஞ்சியத்தில் அடுக்கி உதவி செய்தது. அவர் சோளத்துக்கும் பருத்திக்கும் மாட்டுக்கும் மாறினார். தோட்டத்தில் கூலிக்கு நின்ற கறுப்பினத் தொழிலாளிக்கு அப்படி ஒரு களஞ்சியம் இருக்கவில்லை.

மற்ற நாடுகளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஐ.நா. 1966 டிசம்பர் 16இல் சில பொருட்களுக்குக் கட்டாயத் தடை போட்டது. 1968 மே 29இல் அதை ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் விரித்து, கண்காணிக்க ஒரு குழுவையும் அமைத்தது. அந்தக் குழுவுக்குத் தானாகப் போய்த் துப்பறிய ஆளில்லை. யாராவது ஒரு நாடு தகவல் கொடுத்தால்தான் கடிதம் எழுதும். பெரும்பாலான தகவலைக் கொடுத்தது பிரித்தானியாதான், அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்தவனின் களவைப் பிடிப்பதில் இவர்கள் மிகுந்த கெட்டிக்காரர். சுவிற்சர்லாந்து அன்று ஐ.நா. அங்கத்துவ நாடு இல்லை (2002இல்தான் சேர்ந்தது). தீர்மானம் தங்களைக் கட்டுப்படுத்தாது, வழமையான அளவுக்கு மேல் வியாபாரம் செய்யமாட்டோம், அவ்வளவுதான் என்றது. ரொடீசிய மாட்டிறைச்சி இரவோடிரவாக விமானத்தில் காபொன் நாட்டுக்குப் போனது. ரொடீசியப் புகையிலையும் குரோம் தாதும் தென்னாபிரிக்கா, மொசாம்பிக் என்று பொய்ப் பிறப்பிடச் சான்றிதழோடு உலகம் சுற்றின.

அமெரிக்கா பொய்ச் சான்றிதழுக்குக்கூடக் கஷ்டப்படவில்லை. சோவியத் ஒன்றியத்திடம் குரோம் வாங்கி அதில் தங்கியிருக்கக்கூடாது என்று காரணம் காட்டி, 1971இல் செனற்றர் பேர்டின் திருத்தம் மூலம் ரொடீசியக் குரோமைச் சட்டப்படியே இறக்குமதி செய்தது. பாதுகாப்புச் சபையில் தடைக்கு வாக்களித்த நாடு, தன் நாட்டுச் சட்டத்தால் அதே தடையில் ஓட்டை போட்டது. 1977 மார்ச்சில் ஜனாதிபதி கார்ட்டர் காலத்தில்தான் அந்த ஓட்டை அடைபட்டது.

லண்டனிலும் தடை ஒவ்வொரு வருடமும் தவணை வைத்து உயிர் பிழைத்தது. நவம்பர் வந்தால் பாராளுமன்றம் சட்டத்தைப் புதுப்பிக்கவேண்டும். நவம்பர் வந்தால் விவாதம், கூச்சல். 1968 ஜூனில், ஐ.நா. தடையை நடைமுறைப்படுத்தும் ஆணையைப் பிரபுக்கள் சபை 193க்கு 184 என்ற வாக்குகளால் தோற்கடித்தது. நியூயோர்க்கில் கட்டாயம் என்று தானே கையெழுத்து வைத்ததை, தன் வீட்டு மேல்சபை வேண்டாம் என்றது. அடுத்த மாதம் அரசாங்கம் மீண்டும் கொண்டுவந்து ஒருவாறு நிறைவேற்றியது.

தடை ஒன்றுமே செய்யவில்லையா என்றால், அப்படிச் சொல்வதும் சரியில்லை. களவாக விற்பவன் மலிவாக விற்கவேண்டும், களவாக வாங்குபவன் கூட்டிக் கொடுக்கவேண்டும். வருடம் வருடமாக அந்த வித்தியாசம் ரொடீசியாவின் அந்நியச் செலாவணியை அரித்தது. ரெயில் எஞ்சினுக்கும் இயந்திரங்களுக்கும் உதிரிப்பாகம் இல்லாமல் போனது. எந்த நாடும் ஸ்மித்தின் அரசை அங்கீகரிக்கவில்லை. ஆனால் அவரை மேசைக்குக் கொண்டுவந்தது, என் அபிப்பிராயத்தில், முதலில் போர், பிறகு அயல்நாடு. 1975இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. 1976 மார்ச்சில் சமோரா மாஷேல் எல்லையை முழுதாக மூடினார். தன் நாட்டுத் துறைமுகத்துக்கும் ரெயிலுக்கும் வரும் வருமானம் போகும் என்று தெரிந்துதான் மூடினார். பிரித்தானியா பத்து வருடமாகத் தொடாத அந்த லொரன்சோ மார்க்கேஸ் பாதையை அந்த ஏழை நாடு ஒரே நாளில் மூடியது. அதன் பிறகு ரொடீசியாவுக்கு மிஞ்சியது தென்னாபிரிக்கா ஒன்றுதான், தென்னாபிரிக்காவும் அந்த வருடத்திலிருந்து ஸ்மித்தை நெருக்கத் தொடங்கியது. போர் முடியும்போது 20,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்தன. அநேகமானவர்கள் கறுப்பின மக்கள்.

எண்ணெய் விடயம் கடைசியில் எப்படி வெளியே வந்தது? குழாய் வறண்டு பத்து வருடம் நட்டப்பட்ட லொன்றோ கொம்பனி, எண்ணெய்க் கொம்பனிகள் மேல் வழக்குப் போட்டது. அதன் முதலாளி ரைனி ரோலண்ட் ஒன்றும் தர்மவான் இல்லை. தன் காசு போன கோபம். கவுண்டாவும் குற்றம் சாட்டினார். 1977இல் வெளிநாட்டமைச்சர் டேவிட் ஓவன் விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரித்தவர் தோமஸ் பிங்ஹாம் என்ற சட்டத்தரணி. பின்னாளில் இந்த நாட்டின் பிரதம நீதியரசராக வந்தவர். 1978 செப்ரெம்பரில் வெளியான அவருடைய அறிக்கை, தரகர், டோட்டல் மாற்று ஏற்பாடு, அமைச்சர் கூட்டம் எல்லாவற்றையும் திகதி திகதியாக வைத்தது. நான் மேலே எழுதியதில் பெரும்பகுதி உலகத்துக்குத் தெரியவந்தது அதனால்தான். ஒரு அரசாங்கம் தன் முகத்துக்குத் தானே கண்ணாடி பிடிப்பது எல்லா நாட்டிலும் நடக்கிற காரியமில்லை. எங்கட நாட்டை நினைத்துப் பார்த்தால் தெரியும்.

அறிக்கை வந்ததும் பெரியவர்கள் ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். நான் பிரதமருக்கும் மற்றவர்களுக்கும் அறிவித்தேன் என்றார் தொம்சன். எனக்குத் தெரியாது என்றார் வில்சன். மேலும் விசாரிக்கப் பாராளுமன்றத்தின் விசேட குழு ஒன்றை அமைக்கப் பொதுச்சபை சம்மதித்தது. 1979 பெப்ரவரியில் பிரபுக்கள் சபை அதை மறித்தது. குற்ற வழக்குக்கான சாட்சியங்கள் அடங்கிய இணைப்பு வெளியிடப்படாமல் பொது வழக்குத் தொடருநரிடம் போனது.

1979 டிசம்பர் 12ஆம் திகதி சோம்ஸ் பிரபு பிரித்தானிய ஆளுநராகச் சாலிஸ்பரியில் போய் இறங்கினார். அன்றே பிரித்தானியா தடையை நீக்கியது. 21ஆம் திகதி பாதுகாப்புச் சபையும் நீக்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில், அதே மாதத்தில், எண்ணெய்க் கொம்பனிகள் மேல் வழக்குத் தொடரப்படமாட்டாது என்ற அறிவித்தல் வந்தது. லொன்றோ கேட்ட நட்டஈட்டு வழக்கு 1981இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் முன் முடிந்தது. தடை ஆணை லொன்றோவைப் பாதுகாப்பதற்காகப் போடப்பட்டதல்ல, ஆகவே அது மீறப்பட்டதென்று லொன்றோ நட்டஈடு கேட்க முடியாது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.